பனிக்கால உழைப்பை எங்கே விற்பது? ஒரு யூபிக் சிற்பியின் கணக்கு

மார்ச் முதல் வாரம். அலாஸ்காவின் தென்மேற்கு மூலையில், கஸ்கோக்விம் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் ஒரு சிற்றூர். ஆறு இன்னும் இறுகி உறைந்து கிடக்கிறது. அதன்மேல் வண்டிகள் ஓடுகின்றன. அந்த வட்டாரத்தின் பூர்வகுடிகளான யூபிக் மக்களில் ஒருவர், ஐம்பது வயதை நெருங்கும் ஒரு சிற்பி. அவரது மேசையில் பனிக்காலம் முழுவதன் உழைப்பும் பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. ஆறு அடித்துவந்த மரத்தில் செதுக்கிய முகமூடிகள் மூன்று. வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் இழைத்த காதணிகளும் பதக்கங்களுமாக இருபது சிறு பொருட்கள். மரமும் தந்தமும் இறகும் சேர்ந்த பெரிய சிற்பம் ஒன்று.

இந்த மனிதர் என் கற்பனை. அவர் முன்னே இருக்கும் வழிகளும் சட்டங்களும் தூரங்களும் கற்பனை இல்லை.

யூகான், கஸ்கோக்விம் என்ற இரண்டு பேராறுகள் விரிந்து கடலில் கலக்கும் அந்தச் சமவெளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் உண்டு. அவற்றை வெளியுலகோடு இணைக்கும் சாலை ஒன்றுகூடக் கிடையாது. வட்டாரத்தின் நடுநாயகமான பெத்தேலில் சுமார் 6,000 பேர் வசிக்கிறார்கள். அங்கிருந்து மாநிலத்தின் பெருநகரமான ஆங்கரேஜ் 640 கிலோமீட்டர், விமானம்தான் வழி. கோடையில் அலாஸ்காவுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளை இறக்கிவிடும் உல்லாசக் கப்பல்கள் மாநிலத்தின் மறுகோடியில், ஜூனோ, கெட்சிகன், ஸ்காக்வே பக்கமாகவே சுற்றுகின்றன. பெத்தேலை அவை எட்டிப் பார்ப்பதில்லை.

கைவினைஞர்களுக்கு யோசனை சொல்ல வருகிறவர்கள் முதலில் கேட்பது, எங்கே விற்றால் விலை கூடும் என்பதைத்தான். நான் அதைக் கடைசிக் கேள்வியாக வைப்பேன். இந்தச் சிற்பிக்கு ஏப்ரல், மே மாதங்களில் சீல் வேட்டை. அதற்குத் தோட்டா வேண்டும், பெட்ரோல் வேண்டும். ஜூனிலும் ஜூலையிலும் குடும்பத்தோடு மீன்பிடி முகாம். சால்மனைக் கீறி உலர்த்திப் புகையூட்ட வேண்டும். ஆகஸ்டில் பெர்ரி பறிப்பு, செப்டம்பரில் மூஸ் மான் வேட்டை. உளியும் கத்தியும் கைக்கு வருவதே அக்டோபருக்குப் பிறகுதான். அடுத்த ஆண்டின் உணவு வசந்த காலப் பெட்ரோலில் தொங்குகிறது. ஆகவே அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பணம் எந்த மாதம் கைக்கு வரும்?

அதற்கும் முன்னால் ஒன்றைத் தீர்க்க வேண்டும். எதில் செதுக்கினார் என்பதே பாதி வழிகளை அடைத்துவிடுகிறது.

மரமா, தந்தமா?

மரத்தால் ஒரு தொல்லையும் இல்லை. கடலோரத் தூந்திரத்தில் மரம் வளராது என்றாலும், வசந்தத்தில் பனிக்கட்டி உடையும்போது உள்நாட்டுக் காடுகளின் ஸ்புரூஸ் மரங்களை ஆறு பெயர்த்துக்கொண்டு வந்து கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும். அதற்கு ஆகும் செலவு படகுக்கு எண்ணெயும் கொஞ்சம் முதுகுவலியும். மெல்கர் என்று அவர்கள் சொல்லும் வளைகத்தியால் அதைக் குடைந்து முகமூடியாக்கினால், உலகின் எந்த மூலைக்கும் அஞ்சலில் அனுப்பலாம்.

தந்தத்தின் கதை வேறு. 1972இல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வால்ரஸ் வேட்டையைத் தடை செய்தபோது, அலாஸ்காவின் கடலோரப் பூர்வகுடிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அவர்கள் உணவுக்காக வேட்டையாடலாம். தந்தத்தைச் செதுக்கிக் கைவினைப் பொருளாக யாருக்கும் விற்கலாம். செதுக்காத தந்தத்தைப் பூர்வகுடிகள் தமக்குள்தான் கைமாற்றிக்கொள்ள முடியும். கொம்பை எடுத்த 30 நாட்களுக்குள் கூட்டாட்சி அரசின் வனவிலங்குத் துறையிடம் காட்டி அடையாளக் கம்பி கட்டிக்கொள்ள வேண்டும். ஒரே வடிவத்தைப் பல படியாக வெட்டித் தள்ளும் நகலெடுப்புக் கருவிகளையும் விதி தடுக்கிறது. கை வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும் தொழில் உலகில் அதிகம் இல்லை.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த பிறகுதான் சங்கடம் தொடங்குகிறது. ஆப்பிரிக்க யானைகளைக் காக்க எழுந்த அலையில் அமெரிக்க மாநிலங்கள் சில தந்த விற்பனைக்குத் தாமாகவே தடை போட்டன. 2016 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த கலிபோர்னியாவின் சட்டம் யானையோடு வால்ரஸையும் மாமூத்தையும் சேர்த்தே கட்டிப்போட்டது. பசிபிக் வால்ரஸை அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை என்று 2017 அக்டோபரில் கூட்டாட்சி அரசே முடிவெடுத்தது. அந்த முடிவால் கலிபோர்னியாவின் தடை தளரவில்லை. வாங்குபவரின் மனத்திலும் தயக்கம் நிற்கிறது: தந்தம் என்றாலே குற்றம் என்று பழகிவிட்டவரிடம், இது இறைச்சிக்காக வேட்டையாடிய விலங்கு என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பவோ, கனடா வழியாகச் சாலையில் எடுத்துப் போகவோ தனி அனுமதிச் சீட்டு வேண்டும். கனடாவின் கோரிக்கைப்படி வால்ரஸ், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் இருக்கிறது.

இறகுக்கும் ஒரு சட்டம் உண்டு. யூபிக் முகமூடியைச் சுற்றி வளையம் கட்டி அதில் இறகு செருகுவது பழைய மரபு. ஆனால் இடம்பெயரும் பறவைகளின் இறகை விற்கக் கூடாது என்பதால், வாத்தை உண்ட வீட்டில் அதன் இறகைக் குப்பையில் போட்டுவிட்டு, விற்கும் முகமூடிக்கு வளர்ப்புக் கோழியின் இறகை வாங்கி ஒட்டும் கூத்து நெடுங்காலம் நடந்தது. 2017இல் விதி தளர்ந்தது. உணவுக்காகப் பிடித்த பறவைகளில் 27 இனங்களின் இறகுகளை அலாஸ்காப் பூர்வகுடிக் கலைஞர் தம் படைப்பில் சேர்த்து விற்கலாம். கழுகு இறகுக்கு இப்போதும் இடமில்லை.

ஆகவே மேசையில் இருப்பவற்றை இப்படிப் பிரிக்கலாம்: முகமூடிகள் எங்கும் போகும், காதணிகளை அலாஸ்காவுக்குள்ளேயே விற்றுவிடுவது மேல், பெரிய சிற்பத்தை வாங்க வருபவர் எந்த மாநிலத்தவர் என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

பெத்தேல்: குறைந்த விலை, கையில் பணம்

பெத்தேல் மருத்துவமனைக்கும் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் வெளிமாநிலங்களில் இருந்து செவிலியர்களும் ஆசிரியர்களும் ஒப்பந்தத்தில் வருகிறார்கள். ஓரிரு ஆண்டில் ஊர் திரும்பும்போது எடுத்துப்போக ஏதாவது வேண்டும் என்று தேடுகிறார்கள். அவர்கள் பேரம் பேசுவது குறைவு. ஆனால் அவர்களின் பணப்பைக்கு ஓர் எல்லை உண்டு. காதணி வாங்குவார்கள், சிறிய முகமூடி வாங்குவார்கள், பெரிய சிற்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

இதோடு ‘சமாய்’ நடன விழாவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். யூபிக் மொழியில் அன்பான வரவேற்புச் சொல் அது. வசந்த காலத்தில் சுற்றூர்களின் நடனக் குழுக்கள் பெத்தேலில் கூடி மூன்று நாட்கள் மத்தளம் கொட்டி ஆடும். அங்கே கைவினை மேசைகளும் போடுவார்கள். ஆறு உறைந்திருந்தால் அதுவே சாலை. நல்ல குளிர் அடித்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பனியை வாரி வழி போடுகிறார்கள். விமானச் சீட்டு இல்லாமல் போய்வரலாம். சீல் வேட்டைக்குச் சற்று முன்னால், ரொக்கமாக, செலவில்லாமல் பணம் வரும் இடம் இது ஒன்றுதான். விலைப்பட்டியலில் கடைசியில் நிற்கும் இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அதுவே.

ஆங்கரேஜ் கடைகள்: உடனே பாதி, பிறகு கொஞ்சம் கூட

கடைகளும் கலைக்கூடங்களும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. ஒன்று, பொருளை அங்கேயே விலைக்கு வாங்கிவிடுவது. 1,000 டாலர் விலைச்சீட்டு ஒட்டப் போகும் முகமூடிக்குச் சிற்பியின் கையில் பெரும்பாலும் 500 டாலர் வரும். மற்றது, விற்றால் பணம் என்று வாங்கி வைத்துக்கொள்வது. அப்போது கடை 40 முதல் 50 சதவீதம் வரை எடுத்துக்கொண்டு மீதியைத் தரும். நல்ல கடை என்றால் சிற்பிக்கு 600 டாலர்.

காகிதத்தில் 600 பெரிது. ஆனால் அது விற்ற பிறகு. மார்ச்சில் கொடுத்தது ஆகஸ்டில் விற்கலாம், அடுத்த கிறிஸ்துமஸுக்கு விற்கலாம், தூசி படிந்து திரும்பியும் வரலாம். நூறு டாலருக்காகத் தம் சரக்கை வட்டியில்லாக் கடனாகக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, 640 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆங்கரேஜில் வசிக்கும் சிற்பிக்கு இது பொருந்தும். வாரம் ஒருமுறை கடைக்குள் நுழைந்து முகத்தைக் காட்டிவிட்டு வரலாம். ஆற்றோர ஊர்க்காரருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பூர்வகுடிக் கலைஞர்களுக்கென்றே 2002இல் தொடங்கிய அலாஸ்கா நேட்டிவ் ஆர்ட்ஸ் அறக்கட்டளையின் காட்சிக்கூடம்கூட நிதி வறண்டதும் கதவடைத்துவிட்டது. நல்ல எண்ணத்தோடு நடந்த இடத்துக்கே அந்தக் கதி என்றால், கடை நிலைக்கும் என்று நம்பிச் சரக்கை விட்டுவைப்பது எவ்வளவு தூரம் சரி?

இந்தக் கடைகளுக்குள் தனிரகம் ஒன்று உண்டு. ஆங்கரேஜில் உள்ள அலாஸ்கா பூர்வகுடி மருத்துவ மையத்தின் கைவினைக் கடை அது. எல்லா ஊர்களிலிருந்தும் மக்கள் அங்கே சிகிச்சைக்குப் போகிறார்கள். போகும்போது பையில் நாலு பொருளை எடுத்துப்போகிறார்கள். பாட்டியின் கண் அறுவை சிகிச்சைக்குத் துணைபோகும் பேரன் பயணத்தை வீணாக்காமல் காதணிகளையும் கொடுத்துவிட்டு வரலாம். எந்த வணிகப் பாடத்திலும் இல்லாத விற்பனை வழி. ஆனால் அந்த வாழ்க்கைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

கலைக்கூடத்துக்கு ஆதரவாகச் சொல்லவும் ஒன்று இருக்கிறது: பெயர். நல்ல கூடம் ஒரு சிற்பியின் பெயரை அருங்காட்சியகக்காரர்களின் காதில் போடும். அதன் பலன் எவ்வளவு சிற்பிக்கு வரும் என்பதுதான் கேள்வி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஸ்கோக்விம் கரையில் ஒரு வணிகர் வாங்கிய முகமூடிகள் நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹேயிடம் போயின. 1940களில் அவற்றில் சிலவற்றைச் சர்ரியலிச ஓவியர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான என்ரிகோ டொனாட்டியின் அறையில் தொங்கிய யூபிக் முகமூடி 2011இல் இருபது லட்சம் டாலருக்கும் மேலே விலைபோனது. நடனம் முடிந்ததும் எரிக்கவோ தூந்திரத்தில் விட்டுவரவோ செய்த பொருள் அது. செதுக்கியவரின் பெயர் எங்கும் இல்லை. பெயர் இருந்திருந்தாலும் பேரப்பிள்ளைகளுக்குக் காசு வந்திருக்காது: மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் சட்டம் அமெரிக்காவில் கிடையாது. முதல் விற்பனையில் வருவதே கடைசி வருமானம்.

அக்டோபர் மேசை

அலாஸ்காப் பூர்வகுடிகளின் கூட்டமைப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் மாநாடு நடத்துகிறது. பெரும்பாலும் ஆங்கரேஜில், சில ஆண்டுகள் ஃபேர்பேங்க்ஸில். கூட்டமைப்பு தொடங்கியது 1966இல். மாநாட்டோடு நடக்கும் கைவினைச் சந்தையில் நூற்றுக்கும் மேற்பட்ட மேசைகள் நிறைந்துவிடும். விற்பதில் இடைத்தரகர் கிடையாது. மேசை வாடகை போக முழு விலையும் சிற்பிக்கு.

ஆனால் இதன் உண்மையான பலம் வாங்குகிறவர்களிடம் இருக்கிறது. அங்கே நடமாடுவோரில் பெரும்பகுதி பூர்வகுடிகளே. தந்தக் காதணியைக் கையில் எடுப்பவருக்கு யானைக் கதை சொல்லத் தேவையில்லை. இது எந்த ஊர்க் கொம்பு என்று அவர் கேட்பார். வளையத்துக்குள் புள்ளி வைத்த அந்தப் பழைய கண் அடையாளம் என்ன என்று விளக்கவும் வேண்டாம். போதாக்குறைக்கு, எண்ணெய் வருவாயில் இருந்து மாநிலம் அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் தரும் ஆண்டுத் தொகை வழக்கமாக அக்டோபர் தொடக்கத்தில்தான் கணக்கில் ஏறும். 2024இல் அது தலைக்கு 1,702 டாலர். வாங்குபவரின் பையும் நிறைந்திருக்கும் வாரம் அது.

குறை? விமானச் செலவு. ஆங்கரேஜில் உறவினர் வீடு இருந்தால் அறை வாடகை மிச்சம். அந்த மாதத்தில் ஆறு உறையத் தொடங்கும். படகும் போகாது, பனிவண்டியும் போகாது. ஊரிலிருந்து பெத்தேலுக்கே சிறு விமானம் பிடிக்க வேண்டிவரலாம். புயல் அடித்தால் அதுவும் இல்லை. பெரிய சிற்பம் ஒன்றாவது விற்றால்தான் இந்தச் செலவு தாங்கும்.

சான்டா ஃபே

நியூ மெக்சிகோவில் 1922 முதல் நடக்கும் இந்தியச் சந்தை, பூர்வகுடிக் கலைக்கு அமெரிக்காவில் பெரிய மேடை. சேகரிப்பாளர்கள், அருங்காட்சியகக்காரர்கள், பரிசுகள், எல்லாம் அங்கே உண்டு. நடுவர் குழு தேர்ந்தெடுத்தால்தான் இடம். ஆனால் அது ஆகஸ்டில். பெர்ரியும் வெள்ளிச் சால்மனும் ஒன்றாக வரும் மாதம். ஒரு பயணத்துக்கு மூன்று விமானங்கள், அறை, கூடார வாடகை, உடைந்துவிடுமோ என்ற பயத்தோடு கட்டிய பெட்டிகள். ஒரு தடவை போவதில் பயனில்லை. வாங்குவோர் முகம் பழகவே மூன்று நான்கு ஆண்டு பிடிக்கும். நாற்பது வயதுக்குள் இருந்து, மரத்தில் மட்டும் வேலை செய்து, நல்கை ஏதாவது பயணச் செலவை ஏற்றுக்கொண்டால் போகலாம். நம் சிற்பிக்கு வேண்டாம்.

இணையத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஈபே 2009 முதல் தந்தத்தை அனுமதிப்பதில்லை, எட்சியிலும் தடை. வால்ரஸா யானையா என்று அந்தத் தளங்கள் பார்ப்பதில்லை. மர முகமூடிகளைப் படமெடுத்துப் போடலாம். ஊரின் இணைய வேகம் ஒத்துழைக்கட்டும். ஆர்டர் பிடிக்க நல்ல வழி, கடை நடத்த மோசமான வழி.

பொதுக் கட்டடங்களும் நல்கைகளும்

1975 முதல் அலாஸ்காவில் ஒரு சட்டம் இருக்கிறது: பொதுக் கட்டடம் எழுப்பினால் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும். கிராமப்புறப் பள்ளி என்றால் அரை சதவீதம் போதும். கலை மிகுதியாக விளையும் ஊர்களின் பள்ளிக்குப் பாதி ஒதுக்கீடு என்பதைப் படித்து நான் சிரித்துவிட்டேன். இருந்தாலும், ஒரு பள்ளி முகப்புக்கான வேலை கிடைத்தால் காதணி இருநூறு செய்து விற்கும் தொகை ஒரே ஒப்பந்தத்தில் வரக்கூடும். விண்ணப்பம், வரைபடம், செலவுத் திட்டம், தவணைப் பணம், காப்பீடு என்று எழுத்து வேலையும் அதற்குத் தகுந்தாற்போல வரும்.

நல்கைகள் இன்னொரு பக்கம். ராஸ்முசன் அறக்கட்டளை போன்றவை அலாஸ்காக் கலைஞர்களுக்கு ஆண்டுதோறும் தருகின்றன. வாங்குபவர் விரும்புவதை அல்லாமல் தமக்குத் தோன்றியதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு இதுவே பாதை. செயின்ட் லாரன்ஸ் தீவைச் சேர்ந்த சூசி சைலூக்கைப் பாருங்கள். ஆண்கள் கையிலிருந்த தந்தச் செதுக்கலை எடுத்துப் பெண் உருவங்களைச் செதுக்கினார். பெண்கள் மீதான வன்முறையைத் தந்தத்தில் பேசினார். பெத்தேலில் பிறந்து ஆங்கரேஜ் பக்கம் வளர்ந்த ட்ரூ மைக்கேல், எலிசபெத் எல்லிஸுடன் சேர்ந்து தம் மக்களை வாட்டும் நோய்களையே ஆளுயரத்துக்கு மேற்பட்ட முகமூடிகளாக நிறுத்தினார். இவற்றைச் சுற்றுலாக் கடை அலமாரியில் வைத்து விற்க முடியாது.

ஊரை விட்டுப் போய்விட்டால்?

ஆங்கரேஜுக்குக் குடிபெயர்ந்த யூபிக் மக்கள் ஏராளம். அங்கே கடைகள் காலெட்டும் தூரம். மரக்கடையில் பலகை கிடைக்கும். பெட்டி கட்டி விமானத்தில் ஏற்றும் செலவு இல்லை. ஆனால் சீலும் சால்மனும் இல்லாத வீட்டில் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதற்கு எத்தனை காதணி செதுக்க வேண்டும்? செதுக்குவதே முழுநேர வேலையாகும்போது தந்தத் தூசியும் அதிர்வுக் கருவியும் நுரையீரலையும் விரலையும் சீக்கிரமே பதம் பார்க்கும். சிலருக்கு இது தெரிவாகவும் இருப்பதில்லை: 2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் எச்சம் கிப்னுக், குவிகில்லிங்கோக் ஊர்களைச் சிதைத்தபோது நூற்றுக்கணக்கானோர் விமானத்தில் ஆங்கரேஜுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

அலாஸ்காவையே விட்டு ஓரிகனுக்கோ கலிபோர்னியாவுக்கோ போனால் வெள்ளிக் கை முத்திரை போய்விடும். மாநிலக் கலைக் கழகம், அலாஸ்காவில் வசிக்கும் பூர்வகுடிக் கலைஞர்களுக்கு மட்டும் தரும் அடையாளம் அது. போலிகள் மலிந்த சந்தையில் அதற்கு மதிப்புண்டு. பூர்வகுடிகள் செய்தது என்று பொய் சொல்லி விற்றால் முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கலாம் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிலிப்பைன்ஸில் செதுக்கி வரவழைத்ததை அலாஸ்கா வேலை என்று கெட்சிகனில் விற்றவருக்கு 2023இல் இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் போலி தீரவில்லை. வாங்குபவர் முத்திரையைத்தான் தேடுகிறார். முத்திரைக்கு விண்ணப்பிப்பதில் தயங்க ஒன்றுமில்லை. இந்த வாரமே எழுதிப் போடட்டும்.

நான் அவராக இருந்தால், இருபது சிறு பொருட்களில் பன்னிரண்டை ‘சமாய்’ விழா மேசையில் வைப்பேன். சீல் வேட்டைச் செலவு அதிலேயே முடிந்துவிடும். மீதி எட்டும் பாட்டியின் மருத்துவப் பயணத்துக்குக் காத்திருக்கும். முகமூடிகளில் ஒன்றை ஆங்கரேஜ் கடைக்குப் பாதி விலைக்கே ரொக்கமாகக் கொடுப்பேன். ஜூனில் வலைக்கும் பெட்ரோலுக்கும் அந்தப் பணம். இரண்டாவதைப் படமெடுத்து இணையத்தில் போட்டு, இதுபோல வேண்டும் என்று கேட்பவருக்கு அடுத்த பனிக்காலத்தில் செய்து தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குவேன். வரும் ஒவ்வொரு டாலரிலும் கொஞ்சம் ஒதுக்கிவைப்பேன்: தனியாகத் தொழில் செய்பவர் நிகர வருமானத்தில் ஏறக்குறைய 14 சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமான வரியாகவே கட்ட வேண்டும் என்பது ஏப்ரலில்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது.

மூன்றாவது முகமூடியும் பெரிய சிற்பமும் அக்டோபர் மேசைக்கு. அதுவரை அவை அடுப்பு எரியும் அறையிலேயே இருக்கட்டும். ஆற்றில் ஊறிவந்த மரம் எவ்வளவு உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். அரிசோனாவின் வறண்ட வரவேற்பறையில் போய் வெடிப்பதைவிட, விரிசல் விட வேண்டியிருந்தால் இந்த ஏழு மாதத்தில் அவர் கண் முன்னாலேயே விட்டுவிடட்டும். தந்தம் பதித்த மூட்டை இறுக்கவும் வளையத்தில் இறகை மாற்றிக் கட்டவும் அப்போது அவருக்கு நேரம் இருக்கும்.